படித்த மாவட்டத்துக்கு எதற்குப் படம் போட்ட நோட்டீஸ்?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

2011 கணக்கெடுப்பில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதல் இடம். நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கியது 1838இல். அப்பேர்ப்பட்ட மாவட்டத்தில், குழந்தைகளின் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி பற்றிப் படம் போட்டு, நாலைந்து மொழியில் நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். தெளிவான தமிழில் ஒரே ஒரு நோட்டீஸ் போதாதா? படிக்கத் தெரிந்தவனுக்கு எதற்கு இந்தச் செலவு?

3 ஆகஸ்ட், இரவு

போதாது. மார்த்தாண்டம் பக்கம் பத்தொன்பது வருடமாக மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறேன். அந்த 91.75க்குள் வருகிறவர்கள்தான் தினமும் என் கவுண்டர் முன்னால் நிற்கிறார்கள். படிப்பதில் யாருக்கும் குறையில்லை. நோட்டீஸில் இருக்கும் சொல் அவர்கள் வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டுமே.

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு அம்மா வந்து, “எனக்க மோளுக்கு ரெண்டு நாளா பனி, மருந்து தாருங்க” என்றார். இவன் நல்ல பிள்ளை, அக்கறையாகச் சொன்னான்: “பனிதானே அக்கா, குல்லா போட்டு விடுங்க, சரியாப் போகும்.” அந்த அம்மா முறைத்த முறைப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது. எங்கள் விளவங்கோடு தாலுகா பக்கம் பனி என்றால் காய்ச்சல். அவன் ஊரில் அது மார்கழியில் விழுவது.

இன்னொன்று. கடைச் சுவரில் தடுப்பூசி நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். ‘தட்டம்மை, ரூபெல்லா’ என்று பெரிய எழுத்தில். பி.ஏ. படித்த ஒரு தாய் அதை முழுசாகப் படித்துவிட்டு, “அண்ணே, இது எந்த வியாதிக்கு?” என்று கேட்டார். அஞ்சாம்பனிக்கு என்றேன். “அதை அப்படியே எழுதினா என்னவாம்?”

4 ஆகஸ்ட்

காலையில் யோசித்தபோது இதைவிடப் பெரிய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. தப்பு என்னுடையது.

ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத் தெரிந்த வீட்டு அம்மச்சி போன் செய்தார். “மக்களே, கொச்சுக்கு இழுக்குது, என்ன செய்யட்டு?” நான் வலிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்கப் போடுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள் என்று மளமளவென்று சொன்னேன். வலிப்புக்கு எல்லாம் சரியான யோசனைதான். ஆனால் பிள்ளைக்கு வந்திருந்தது வீசிங். மூச்சு முட்டும் பிள்ளை உட்கார்ந்திருந்தால்தான் கொஞ்சமாவது தாங்கும். நான் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, அம்மச்சி என் பேச்சைக் கேட்கவில்லை. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

இழுப்பு என்றால் மூச்சும் உண்டு, கைகால் வெட்டுவதும் உண்டு. போதாக்குறைக்கு மலையாளத்தில் வீசிங்குக்கு வலிவு என்று பெயர். தமிழில் வலிப்பு. ஒரு எழுத்துத்தான் தள்ளி நிற்கிறது. நம் மாவட்டத்து முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அம்மாக்கள் வீசிங்கைத் தொய்வு என்பார்கள். அவர்களுக்குத் தட்டம்மை என்பது சின்னமுத்து, நீர்க்கொப்புள அம்மை கொப்புளிப்பான், பாராசிட்டமால் எந்தக் கம்பெனி மாத்திரையானாலும் பனடோல். இவ்வளவுக்கும் அவர்கள் பேசுவது தமிழ்தான். ‘தெளிவான தமிழ்’ என்று கேள்வி கேட்டவர் சொல்வது இதில் எந்தத் தமிழ்?

இப்போதெல்லாம் பெயரைக் கேட்டு முடிவு செய்வதில்லை. “மூச்சா இழுக்குது, கையும் காலுமா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

4 ஆகஸ்ட், மதியம்

“அப்போ மலையாளத்திலும் அடித்தால் தீர்ந்தது” என்று எழுதியவருக்கு: தீராது. பனி என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு மலையாளம் வாசிக்க வராது. சொல் மலையாளப் பக்கத்தது, எழுத்து தமிழ்ப் பக்கத்தது. 1956 நவம்பர் 1இல் எல்லைக்கோடு மாறி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. ‘பனி’ என்று தமிழ் எழுத்தில் போடுங்கள், போதும்.

9 ஆகஸ்ட்

நாகர்கோவில்காரர் ஒருவர் திருத்துகிறார்: அவர்கள் பக்கம் அஞ்சாம்பனி என்றால் யாருக்கும் தெரியாதாம், மணல்வாரி என்பார்களாம். சரி. ஒரே மாவட்டம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. எனக்குத்தான் விளவங்கோடு உலகமாகிவிட்டது.

இருக்கட்டும், இன்னொரு கதை. கடைக்குப் பின்னால் கட்டட வேலை நடக்கிறது, வடமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஷெட்டில் இருக்கிறார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு வந்து “புகார், புகார்” என்றார். என் கடைப் பையன் (அதே மதுரைக்காரன்) பதறிப்போய், “யார் மேல சார் புகார்? நாம நேத்து சரியாத்தானே கொடுத்தோம்!” இந்தியில் காய்ச்சலுக்கு அதுதான் சொல் என்று விளக்குவதற்குள் கடையில் நின்றவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்து இந்தியில் ஒரு நோட்டீஸ் எழுதி வாங்கி ஒட்டிவிட்டேன். காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எல்லாம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் வரலாம்.

30 ஆகஸ்ட்

மேலே பீற்றிக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன்.

அந்த ஷெட்டில் இருப்பவர்கள் ஒடிசாக்காரர்கள். கடைக்காரனுக்குப் புரியட்டும் என்று அவர் இந்தியில் பேசியிருக்கிறார், அவருக்கே அது கடன் மொழி. ஒடியாவில் காய்ச்சல் என்பது ஜ்வர. நம் பாட்டிமார் சொல்லும் ஜுரமேதான்! அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை மிச்சம். ஒடியாவில் தட்டம்மைக்கு மிளிமிளா என்று பெயராம். என் இந்தி நோட்டீஸை அந்த ஷெட்டில் ஒருவர்கூடப் படிக்கவில்லை. அங்கே வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஒன்பது வயதுப் பையன். அவன் படிப்பது இங்கே அரசுப் பள்ளியில், தமிழில்.

அவன்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். தங்கச்சிக்கு வயிற்றால் போகிறது என்று அம்மாவோடு வந்தான். எத்தனை தடவை போனாள், ரத்தம் இருந்ததா, மூத்திரம் போகிறாளா என்று கேட்கிறேன். கடையில் அவன் வகுப்புப் பிள்ளை ஒன்று நிற்கிறது. பையன் வெட்கத்தில் பாதியை விழுங்கிவிட்டு, அம்மாவிடம் ஏதோ கேட்டு, “ஒண்ணுமில்ல சார்” என்றான். பெரியவர்கள் வாயில் வரவே கூசும் கேள்விகளை ஒரு சின்னப் பையன் தலையில் ஏற்றியது என் புத்தி.

ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த தூள்) பாக்கெட் கொடுத்து, “ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி” என்றேன். பையன் தலையாட்டினான். மறுநாள் வந்தபோது எப்படிக் கலக்கினாய் என்று கேட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர், பாக்கெட்டிலிருந்து நாலு விரல் அள்ளிய தூள், ஒவ்வொரு தடவையும் அப்படித்தானாம். டம்ளருக்கு அது மிகக் கூடுதல். உப்பு ஏறிப்போனால் பிள்ளைக்கு ஆபத்து, தூள் குறைந்தால் பலன் இல்லை. லிட்டர் என்றால் அந்த வீட்டில் என்ன பாத்திரம் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது கவுண்டரில் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று நிற்கிறது. கழுத்துப் பக்கம் சிவப்பு டேப். முழு பாக்கெட்டையும் அதில் கொட்டு, ஆறவைத்த தண்ணீரை டேப் வரை ஊற்று, குலுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, மறுநாள் மிச்சமிருந்தால் கொட்டு. இதைச் சொல்ல மொழியே வேண்டாம், செய்து காட்டினால் போதும். இதே தூள் 200 மில்லிக்கு என்று சின்ன பாக்கெட்டிலும் வருகிறது. அது இருந்தால் டம்ளர்க் கணக்கு சரிவரும், இரண்டும் கலந்தால் குழப்பம்தான். நான் பெரியதை மட்டும் வைத்திருக்கிறேன்.

ஜிங்க் மாத்திரை 14 நாள். வயிறு நின்ற மூன்றாம் நாளே எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். கவரின் பின்னால் 14 கட்டம் போட்டுக் கொடுக்கிறேன், தினமும் ஒன்றை அடிக்கச் சொல்லி. அந்தப் பையன் அடிக்காமல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மீன் வரைந்திருந்தான். பதினாலு மீன்.

31 ஆகஸ்ட்

இல்லை, பதின்மூன்று மீன். கவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது.

2 செப்டம்பர்

“நம்ம ஆட்களுக்கு இந்தச் சிக்கலெல்லாம் வராது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்ம ஆள் கதையையே சொல்கிறேன். தகப்பன் டிப்ளமோ, தாய் எம்.காம்.

ஒன்பது கிலோ பிள்ளைக்குப் பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது. பெட்டியில் என் கையாலேயே ‘5 மில்லி’ என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கு சரி, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை போகலாம். இரண்டு மாதம் கழித்து, உறவுக்காரர் வீட்டில் வைத்து ராத்திரி பிள்ளைக்குச் சுட்டது. அந்த வீட்டில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதே மருந்து, ஆனால் டிராப்ஸ். அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். இவர்களுக்கு ‘5’ மனப்பாடம். 5 மில்லி கொடுத்துவிட்டார்கள். 500 மில்லிகிராம். அப்புறம் சந்தேகம் வந்து எனக்கு போன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு வேளைதான் போயிருந்தது, வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில் அனுப்பிவிட்டார்கள்.

யாரைக் குறை சொல்ல? பெட்டியில் எழுதியதை அவர்கள் அட்சரசுத்தமாகப் படித்தார்கள். எண் மட்டும் மனதில் நின்றது, பாட்டில் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சில் கோடு போட்டு, அதை அந்த பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கிறேன். ஒடிசா ஷெட்டுக்கும் அதே சிரிஞ்ச், எம்.காமுக்கும் அதே சிரிஞ்ச். கேள்வி கேட்டவர் கவனிக்க: படம் படிக்காதவனுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தை நானும்தான் வைத்திருந்தேன்.

இன்னொன்று, ‘காலை, மதியம், இரவு’. ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்குக் காலை என்பது மூன்றரை மணி. சூரியன் படம் போட்டால் அவர் சிரிக்கிறார்.

3 செப்டம்பர்

படம் என்றதும் நினைவு வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் என்ன ஊட்டலாம் என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஆப்பிள், கேரட், பச்சைப் பூக்கோசு. மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, காலம்காலமாக இங்கே பிள்ளைக்கு முதலில் மசித்துக் கொடுப்பது அதுதான், நோட்டீஸில் அதற்கு இடமில்லை. ஆப்பிள் என்ன விலை விற்கிறது!

21 செப்டம்பர்

கடலோரத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். தாய்க்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, பிள்ளையை ஊசிக்குக் கூட்டிப் போவது யார் என்று கேட்கிறார்.

உண்மைதான். தடுப்பூசி புதன்கிழமை காலை. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போன தகப்பன் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். தாய் மீன் விற்கப் போயிருந்தால், கையில் பிள்ளையும் அட்டையுமாக வரிசையில் நிற்பது பாட்டி. ஊசி போட்டால் ராத்திரி காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம், தொடையைத் தேய்க்கக் கூடாது என்று நர்சம்மா சொல்வது பாட்டியிடம். ராத்திரி பிள்ளை அலறும்போது தூக்கிக்கொண்டு நடப்பது தாய். இடையில் சேதி எங்கே போனது? ஆறாவது வாரத்து ஊசிக்கு வந்த பிள்ளை பத்தாவது வாரத்துக்கு வராமல் போவது இப்படித்தான்.

குரலில் அனுப்பலாம் என்று அவரே வழியும் சொல்கிறார். நர்சம்மா அரை நிமிடம் வாட்ஸாப்பில் பேசினால் தாயும் கேட்கிறாள், பாட்டியும் கேட்கிறாள், சிக்னல் இருந்தால் படகில் இருப்பவனும் கேட்கிறான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது வதந்தி வாட்ஸாப்பில் வந்தது, மறுப்பு காகிதத்தில் வந்தது. காகிதம் எந்த வேகத்தில் போகும்?

7 அக்டோபர்

மூன்று நாளாகக் கடையில் ஒரே கேள்வி: “இந்த இருமல் மருந்தா செய்தியில சொன்னது?” மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த விஷயம். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது, சிறுநீரகம் போய்விட்டது. தயாரான இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். இரண்டு வயதுக்குள் சளி, இருமல் சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையும் சொல்லிவிட்டது.

எனக்குத் தலைவலி வேறு. ஒரு தாய் காய்ச்சல் மருந்தையும் நிறுத்திவிட்டார். இன்னொருவர் ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலரை. “சிரப் வேண்டாம்” என்ற சேதி வீடு போய்ச் சேரும்போது “மருந்து வேண்டாம்” ஆகிவிட்டது. எல்லோரிடமும் ஒன்றுதான் சொல்கிறேன்: சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் மெடிக்கலுக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, மூச்சு அந்த அளவைத் தொட்டாலும் அப்படியே. எண்ணைச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். குழியைச் சொன்னால் யாரும் மறப்பதில்லை.

22 அக்டோபர்

ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் போன வாரம் தடை போட்டது. ஐதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதன் பலன். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த டெட்ரா பாக்கெட்களில் சர்க்கரை எங்கேயோ நிற்கும். போகிற வயிற்றை அது இன்னும் கூட்டும்.

ஒப்புக்கொள்கிறேன், நானும் விற்றேன். சொல் தெரியாததால் குழப்பம் என்று ஆகஸ்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல்லைத் தூக்கி வேறொன்றின் மேல் ஒட்டி விற்றிருக்கிறார்கள். படித்த தாய்தான் அதிகம் ஏமாந்தாள், அவள்தானே லேபிளைப் படிப்பாள்!

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனபிஸ் என்ற மருத்துவர் இதே உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்க விட்டார். முகாமில் காலராச் சாவு 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கொடுத்தவர்கள் யாரும் நர்சுக்குப் படித்தவர்கள் இல்லை.

9 நவம்பர்

தேன் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. அதில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கக்கூடும், பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. இதைச் சொல்வது எளிது. ஆனால் ஒரு வீட்டில் சேனை (பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் வைக்கும் இனிப்பு) தொட்டு வைப்பார்கள், ஒரு வீட்டில் தேனும் வயம்பும் (வசம்புதான்), ஒரு வீட்டில் பேரீச்சையை மென்று நாக்கில் தடவுவார்கள், வடக்கத்தி வீட்டில் குட்டி என்று ஒரு கஷாயம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு நோட்டீஸ் அடித்தால், நம்மைத் திட்டுகிறார்கள் என்றுதான் வீட்டுப் பெரியவர் எடுத்துக்கொள்வார்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராம நர்சம்மா இப்படிச் சொல்வார்: “பாட்டா, சேனை நீங்கதான் வைக்கணும், கையைக் கழுவிட்டு வாங்க. தாய்ப்பால் ஒரு சொட்டு விரல்ல தொட்டு வையுங்க, உங்க குணம் அப்படியே வரும்.” கிழவருக்கு மரியாதையும் போகவில்லை, பிள்ளை வயிற்றுக்குள் தேனும் போகவில்லை.

23 நவம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “நான் சொன்னதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறீர்கள், நாலு மொழி நோட்டீஸ் வேண்டாம் என்று” என்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். என் இந்தி நோட்டீஸை நானே கிழித்துவிட்டேன். ஆனால் ஒரே தமிழ் நோட்டீஸும் போதாது. அச்சடிப்பது முடிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்: சொன்னதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போய் எப்படிக் கலக்குவீங்க, எனக்குச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். கடையில் கூட்டம் இருந்தால் நானும் கேட்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அந்த அம்மச்சி (இழுப்பு அம்மச்சிதான்) ஓஆர்எஸ் வாங்க வந்தார். சொல்லிக் காட்டச் சொன்னேன். “பாக்கெட்டை முழுசும் தட்டணும், குப்பியில செவப்பு வரைக்கும் ஆறின வெள்ளம் ஒழிக்கணும்” என்றார். பக்கத்தில் நின்ற மதுரைப் பையன், “வெள்ளமா?” என்று வாயைத் திறந்தான்.

“தண்ணிலே மக்கா, தண்ணி” என்றார் அம்மச்சி. “நீ வந்து எத்தனை வருசம் ஆச்சு?”